நொடித்தவரின் முறைகேடும் கடன் விடுவிப்பும்

நொடித்தவர் விடுவிப்பு என்பது, கடனைத் தீர்க்க இயலாதவர் என அறிவிக்கப்பட்டவரைப் பழைய கடன்களிலிருந்து நீதிமன்றம் நீக்கிவிடும் ஆணை. பேச்சு வழக்கில் ‘மஞ்சள் கடுதாசி’ கொடுத்தவர் எனப்படுவோர்க்கு இது தானாகக் கிடைப்பதில்லை. அவரது நடத்தை ஆராயப்படுகிறது.

இந்தியாவில் சென்னை, மும்பை, கொல்கத்தா மாநகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும் பிற பகுதிகளுக்கு 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னதன் 42ஆம் பிரிவு முறைகேடுகளை வரிசைப்படுத்துகிறது: முந்தைய மூன்றாண்டுகளுக்கு முறையான கணக்கேடு வைக்காமை, நொடித்ததை அறிந்தும் வணிகத்தைத் தொடர்தல், திருப்பித் தர வழியின்றிக் கடன் வாங்குதல், சூதாட்டம், ஊதாரித்தனம், கண்மூடித்தனமான ஊக வணிகம், கடன் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டுதல், சொத்தை மறைத்தல். சொத்து மதிப்பு கடன் ரூபாய் ஒன்றுக்கு எட்டணாவுக்கு, அதாவது பாதிக்குக் குறைவதும் இப்பட்டியலில் உண்டு. ஆனால் நொடித்தவர் பொறுப்பாகாத சூழலால் அது நேர்ந்திருந்தால் தடையில்லை. துரதிர்ஷ்டத்தையும் குற்றத்தையும் பிரிக்கும் இவ்விலக்கே சட்டத்தின் சிறப்பான கூறு.

இவற்றுள் ஒன்று மெய்ப்பிக்கப்பட்டாலும் நிபந்தனையற்ற விடுவிப்பு மறுக்கப்படும். நீதிமன்றம் விண்ணப்பத்தைத் தள்ளலாம், ஆணையைக் குறித்த காலம் நிறுத்திவைக்கலாம், அல்லது எதிர்கால வருமானத்தின் மீது நிபந்தனை விதிக்கலாம். விடுவிப்பு கிடைத்தாலும் மோசடியால் ஏற்பட்ட கடன் நீங்காது.

2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டமும் மோசடிக் கடனுக்கு விலக்கு அளிக்கவில்லை. அதன் தனிநபர் பகுதி, நிறுவனக் கடன்களுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.