வெட்பாலை எண்ணெய்

பதினேழு வயதில் என் கழுத்தில் சொரியாசிஸின் வெள்ளைச் செதில் உதிர்ந்தது. சலூன்காரர் துண்டை உதறியவர், பார்த்துவிட்டு மடித்து வைத்தார்: "அப்புறம் வாங்க தம்பி."

பழைய பயம். 1808இல் லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் சொரியாசிஸை நுணுக்கமாக விவரித்தும், அதன் ஒரு வகையைத் தொழுநோய்க்குரிய 'லெப்ரா' என்ற பெயரிலேயே அழைத்தார். 1841இல்தான் வியன்னா மருத்துவர் ஹெப்ரா அந்தப் பெயரைக் கழற்றினார். சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டியே அல்ல; ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் தோல் சில நாளிலேயே புதுப்பித்து உதிர்கிறது, அவ்வளவுதான். சலூன் வரை அந்தச் சேதி வரவில்லை.

சித்த மருத்துவத்தில் இந்த நோய் காளாஞ்சகப்படை. பாட்டி வெட்பாலை இலையை இரும்பு படாமல் கையால் கிள்ளி, தேங்காயெண்ணெயில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைப்பாள். எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அரிப்பு அடங்கும்; சட்டைக் காலர் ஊதாவாகும். அதற்கும் காரணம் கேட்பார்கள். மை கொட்டிவிட்டது என்பேன்.