நிலக்காட்சி ஓவியத்தில் எடுப்பு

நிலக்காட்சி ஓவியத்தில் எடுப்பு என்பது, பல படங்களுக்கு நடுவே தொங்கும் ஒரு சித்திரம் பார்ப்பவர் கண்ணைத் தன்பால் ஈர்த்து நிறுத்தும் குணமாகும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கலை எழுத்தாளர் ஃபெலிபியன் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது, சரித்திர, புராணச் சித்திரங்களைச் சிகரத்தில் வைத்து, நிலக்காட்சியை உருவப்படத்துக்கும் கீழே இறக்கிவிட்டமையால், மலையையும் மரத்தையும் மட்டுமே வரைந்தவன் ரசிகர்களின் கவனத்தைப் பெறுதல் அரிதாயிற்று. ரோமாபுரியில் வாழ்ந்த கிளாட் லொரேன், முன்புறத்து ஓரத்தில் இருண்ட மரமொன்றை நிறுத்தி, அதற்கப்பால் நீர்நிலையையும் நீலம் பாய்ந்த குன்றுகளையும் படிப்படியாக வெளிறச் செய்து, தொடுவானத்து ஒளியை நோக்கிக் கண்ணை நடத்திச்சென்ற முறை, அவருக்குப் பின் நெடுங்காலம் சம்பிரதாயமாக நிலைத்தது.

அச்சம்பிரதாயத்தைப் பயின்றும் அதற்கு அடிமைப்படாதவர் இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837). லண்டன் சாமர்செட் மாளிகையில் ராயல் அகாடமி நடத்திய கண்காட்சிகளில், சட்டத்தோடு சட்டம் உரச, தரையருகிலிருந்து கூரைவரை படங்கள் நெருக்கி மாட்டப்பட்டதால், சிறிய படங்கள் கண்ணிற் படாமலே போயின. எனவே அவர் 1819 முதல் ஆறடி அகலத் திரைகளில் தம் ஊர்ப்புற ஆற்றங்கரையைத் தீட்டலானார். அவ்வாண்டே அகாடமியின் இணை உறுப்பினருமானார். ஆயினும் அளவு மட்டுமே எடுப்பைத் தந்துவிடாது. 1821இல் காட்சிக்கு வைத்த ‘வைக்கோல் வண்டி’யில், ஒரே பச்சையைப் பூசாமல் பலவகைப் பச்சைகளை அருகருகே இட்டு, அவற்றின் நடுவே குதிரைகளின் சேணத்தில் மட்டும் சிறிது சிவப்பை வைத்தார். பச்சைக்கு எதிர்நிறமான அச்சிவப்பே படம் முழுவதையும் உயிர்ப்பிக்கிறது. லண்டனில் விலைபோகாத அப்படம் 1824இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

சிறிது சிவப்பால் படத்தை உயிர்ப்பிக்கும் இவ்வுபாயத்தைக் கான்ஸ்டபிளுக்கு எதிராகவே கையாண்டவர் அவர் காலத்து ஓவியர் டர்னர். 1832ஆம் ஆண்டுக் கண்காட்சியில், சிவப்புப் பொலிவுடைய கான்ஸ்டபிளின் ‘வாட்டர்லூ பாலத் திறப்பு’க்கு அருகே தம் சாம்பல்நிறக் கடற்காட்சி மங்கித் தோன்றக் கண்ட டர்னர், அதில் நாணயமளவான செந்நிறப் புள்ளியொன்றை இட்டு, பின்னர் அதையே மிதவையாகத் திருத்தினார் என்று உடனிருந்த ஓவியர் லெஸ்லி எழுதியுள்ளார். எங்கும் வர்ணத்தை வாரியிறைத்த படத்தைவிட, அடக்கமான பரப்பில் ஓரிடத்து வர்ணமே வலிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்வந்த மோனே முதலிய ஓவியர்கள், கான்ஸ்டபிள் பச்சைகளை அருகருகே இட்டதுபோல, தூய வர்ணங்களைச் சிறுசிறு தீற்றல்களாக அடுத்தடுத்து வைத்தனர். இன்றும் ஓவியப் பள்ளிகளில் இம்முறைகள் பயிலப்படுகின்றன. ‘வைக்கோல் வண்டி’ லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. டர்னரின் கடற்காட்சி இப்போது ஜப்பானில், டோக்கியோ ஃபுஜி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.