வளையறிந்த கைகள்

நெல் விளையும் நிலமெல்லாம் எலி வாழும் நிலமே. உழவன் களத்தில் நெல்லைக் குவிக்கும் அதே நாள்களில், வரப்பின் அடியில் எலியும் தன் களஞ்சியத்தை நிரப்பிக்கொள்கிறது. உழவின் வரலாற்றை எழுதியோர் ஏரையும் ஏற்றத்தையும் ஏரியையும் விரித்துரைத்தனர். விளைந்ததை எலியிடமிருந்து மீட்டுத் தந்தவர்களைப் பற்றி எழுதியது மிகச் சிறிது. தமிழகத்தின் வடமாவட்ட வயல்களில் அப்பணியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தோர் இருளர் எனப்படும் பழங்குடி மக்களாவர். எலி பிடித்தலின் வரலாற்றை அவர்களை விட்டுச் சொல்லுதல் இயலாது.

இலக்கியத்தில் எலி வளை

எலியின் வாழ்க்கையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே நுணுகி நோக்கியிருந்தனர். புறநானூற்றின் 190ஆம் பாடலைப் பாடியவன் சோழன் நல்லுருத்திரன். விளைந்த கதிர்களைக் கொண்டுவந்து வளை நிறைய வைத்துக் காக்கும் எலியைப் போன்றோரின் நட்பு வேண்டாம் என்றும், புலியைப் போன்ற ஊக்கமுடையோரின் நட்பே வேண்டும் என்றும் அவன் கூறுகிறான். நற்றிணையின் 83ஆம் பாடலில் தோழி, ஊர்த்துறையின் முதுமரத்தில் வாழும் கூகையை நோக்கி, இரவில் குழறாதிருக்குமாறு வேண்டுகிறாள். அதற்குக் கைம்மாறாக ஆட்டிறைச்சி கலந்த சோற்றோடு சுட்ட எலியின் இறைச்சியையும் தருவதாகச் சொல்கிறாள். கூகையின் உணவு எது என்பதை அவள் நன்கு அறிந்திருந்தாள்.

பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் கரம்பை நிலத்தை அகழ்ந்து புல்லரிசி திரட்டும் செய்தி காணப்படுகிறது. சிற்றுயிர்கள் மண்ணுள் சேர்த்துவைத்த தானியத்தை மனிதர் தேடியெடுத்து உண்ட வழக்கத்திற்கு இதனினும் பழைய சான்று காண்பது அரிது. அரசனுக்கு இகழ்ச்சியின் உவமையாகத் தோன்றிய வளை, ஏழைக்கு உணவுக் கிடங்காகத் தோன்றியது.

எலிகளும் பெயர்களும்

வயலில் வாழும் எலிகள் ஓரினத்தன அல்ல. வெள்ளெலி, புல்லெலி, வயற்சுண்டெலி, வரப்பெலி, பெருச்சாளி எனப் பல வகையுண்டு. ஐரோப்பாவில் தோட்டங்களைப் பாழ்படுத்தும் மோல் என்னும் உயிரினம் தென்னிந்தியாவில் இல்லை. ஆயினும் வரப்பெலி வளையின் வாயில் மண்ணைக் குவிப்பதைக் கண்ட ஆங்கிலேயர், தம் நாட்டு நினைவால் அதனை ‘மோல் ராட்’ என்றழைத்தனர். பெருச்சாளிக்கு அவர்கள் வழங்கிய ‘பாண்டிகூட்’ என்னும் பெயரோ, பன்றியெலி எனப் பொருள்படும் ‘பந்திக்கொக்கு’ என்ற தெலுங்குச் சொல்லின் திரிபாகும்.

இவற்றுள் உழவனுக்குப் பெரும் பகை வரப்பெலியே. ஏறத்தாழ மூன்று வாரக் கருக்காலத்தில் ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கொறித்துத் தேய்க்காமல் அதனால் வாழ இயலாது. கதிரை அறுத்து வளைக்குள் இழுத்துச் செல்வதோடு, வரப்பைத் துளைத்து வயலில் தேங்கிய நீரையும் வடியச் செய்துவிடும்.

பிடிக்கும் கலை

காவிரிப் படுகை உழவர் இதற்கெனத் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் பொறியைக் கண்டனர். மூங்கிலை வில்லாக வளைத்து, இரையை எலி தொட்டவுடன் நாண் விடுபட்டு அதனை இறுக்கிப் பிடிக்குமாறு அமைத்த எளிய கருவி அது. அதற்கு இரும்பும் வேண்டா, நஞ்சும் வேண்டா.

செங்கற்பட்டுப் பகுதி இருளரின் முறை வேறு. அவர்கள் வளையையே நாடிச் சென்றனர். வளை வாயில் புதுமண் ஈரமாகக் கிடந்தால் உள்ளே எலி உண்டு. சிலந்தி வலை பின்னியிருந்தால் அது கைவிடப்பட்ட வளை. ஐயம் எழுமாயின் மாலையில் வாயை மண்ணால் அடைத்துவிட்டு, மறுநாட் காலையில் அது திறந்திருக்கிறதா எனப் பார்ப்பது உழவரும் கைக்கொண்ட வழி. நடைவழி, குட்டி ஈனும் அறை, தானிய அறை எனப் பல பகுதிகள் வளைக்குள் உண்டு. ஆபத்து வேளையில் தப்புதற்கென மெல்லிய மண்மூடியிட்ட மறைவாயிலும் இருக்கும். அம்மறைவாயிலைக் கண்டடைத்த பின்னரே தேர்ந்தவர் கடப்பாரையை எடுப்பர். அதனை அறியாதவர் நாள் முழுதும் தோண்டினும் வெறுங்கையோடு திரும்புவர்.

ஆழ்ந்த வளைகளுக்குப் புகைமூட்டம் இடுவதுண்டு. அடியில் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலை எரித்து, பானையின் வாயை வளையோடு பொருத்தி, துளைவழியே வாயால் ஊதுவர். புகை உட்புகுந்து எலியை மயக்கும். ஊதுபவரின் உதடும் கையும் வெந்துபோகும். நெஞ்சும் புகையால் நலிவுறும். இத்தனை துன்பத்திற்கும் கிடைத்த ஊதியம் எலியின் இறைச்சியும் வளையிலிருந்து மீட்ட நெல்லுமே. உழவன் இழந்துவிட்டதாகக் கைவிட்ட நெல்லே இருளரின் உலையில் சோறாயிற்று.

சட்டமும் நஞ்சும்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. காட்டை நம்பி வாழ்ந்த குடிகளின் பிழைப்பு அதனால் சுருங்கிற்று. இருபதாம் நூற்றாண்டில் இருளர் பலர் தோல் வணிகர்க்காகப் பாம்பு பிடித்தனர். எலிகளை விழுங்கி வயலைக் காத்த சாரைப்பாம்பும் அவ்வணிகத்தில் பெருமளவில் அழிந்தது. ஒரு கையால் எலியைக் குறைத்த மக்கள், வறுமையின் பொருட்டு மறு கையால் எலியின் பகையையும் அழிக்க நேர்ந்தமை வரலாற்றின் கொடிய முரணாகும்.

1972இல் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் ஐந்தாம் அட்டவணை எலியைத் தீங்குயிர் வரிசையில் வைத்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டபோது இருளர் குடும்பங்கள் வருவாயிழந்தன. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடும் தொழில் பிறந்தது. பாம்புக்கடி மருந்து செய்வதற்கு அந்நஞ்சு பயன்பட்டது.

வயலிலோ துத்தநாக பாஸ்பைடு போன்ற நஞ்சுகள் பரவின. ஆனால் எலி எளிதில் ஏமாறும் உயிரன்று. நஞ்சிட்ட இரையைச் சிறிது தின்று துன்புற்றுப் பிழைத்த எலி, மறுமுறை அவ்வகை இரையைத் தீண்டாது. நஞ்சுண்டு இறந்த எலியைத் தின்னும் பறவைக்கும் விலங்கிற்கும் தீங்கு நேர்வதுண்டு. நஞ்சிட்ட வயலின் எலி இருளருக்கு உணவாகவும் ஆகாது. வளையறிந்து பிடிக்கும் கைக்கு இக்குறைகள் ஒன்றும் இல்லை.

இவ்வுண்மையை உணர்ந்து செய்யப்பட்ட முயற்சிகளுள் ஒன்று, கையால் சுழற்றிப் புகையூட்டும் எஃகுக் கருவி. 2003இல் உலக வங்கி நடத்திய வளர்ச்சித் திட்டப் போட்டியில் பரிசு பெற்ற இக்கருவி, பானையை வாயால் ஊதும் துன்பத்தை நீக்கும் நோக்குடன் இருளர்க்கு வழங்கப்பட்டது.

அறிவுக்குரிய மதிப்பு

2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், தன் சதுப்பு நிலங்களில் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்கு மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரை அழைத்தது. தடம் பார்த்து மறைவிடம் காணும் பழந்திறன் அங்கும் வென்றது. 2023இல் இந்திய அரசு இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. ஏட்டில் எழுதப்படாத அறிவும் அறிவே என்பதை உலகம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

ஆயினும் விருது சிலர்க்கே, வறுமை பலர்க்கு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்தும், அதன் பின்னரும் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுள்ளன. எலி பிடிக்கும் கலை அழியலாகாது என்பதற்காக இருளச் சிறுவன் பள்ளியை விட்டு வரப்பில் நிற்க வேண்டும் என்பது அறமாகாது. அவன் பள்ளிக்குச் செல்லுதல் வேண்டும். அவன் பாட்டன் அறிந்ததும் அப்பள்ளியின் பாடத்தில் இடம்பெறுதல் வேண்டும். புறநானூற்று எலியை விளக்கும் ஆசிரியர், அதன் வளையைத் திறந்து நெல்லை மீட்ட மக்களையும் அதே வகுப்பில் மாணவர்க்கு அறிமுகம் செய்வாராயின், பாடலும் தெளிவுறும், மக்களும் மதிப்புறுவர்.