மட்டிப்பழம் வேணும்

உள்ளங்கையில் அடங்கும் அட்டை அது. இரண்டு அங்குலச் சதுரம். ஒரு மூலையில் பல் பதிந்து, லேமினேஷன் பிரிந்து, உள்ளே எண்ணெய் ஏறியிருக்கிறது. நடுவில் ஒரு சீப்பு மட்டிப்பழம், வீட்டு மேசைமேல் வைத்துக் கைப்பேசியில் எடுத்த படம். மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

அக்கா மகனுக்கு ஆட்டிசம். ஐந்து வயதில் பேச்சு வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் தன் மணிக்கட்டைக் கடிப்பான். உடனே வீடே ஓடும். பால், பிஸ்கட், பழம், டிவி ரிமோட் என்று ஒவ்வொன்றாக அவன்முன் நீட்டுவோம். எதிலோ ஒன்றில் அழுகை அடங்கும். கடித்தால் கிடைக்கும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

இதைப் புரியவைத்தது ஒரு பழைய நோட்டு. நடத்தைப் பகுப்பாய்வின் முதல் பாடமே அப்படி ஒரு நோட்டு எழுதுவதுதான். ஒரு செயலுக்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று மூன்று பத்தியாகக் கோடு போட்டு எழுத வேண்டும். அக்கா ஒரு வாரம் எழுதினாள். கடியெல்லாம் பெரும்பாலும் சாயங்காலம், சமையலறை வாசலில், பழக்குலை தொங்கும் இடத்தருகே. அந்தக் கடி ஒரு கேள்வி. அதைக் கேட்க அவனிடம் வேறு வழி இல்லை. கடியை அடக்குவதற்கு முன்னால் அவனுக்கு வேறொரு வழியைக் கொடுக்க வேண்டும். எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரமும் இதுதான்.

அதே 1985-இல்தான் அமெரிக்காவின் டெலவேரில் நம் அட்டையின் முன்னோடிப் பட அட்டைகள் பிறந்தன. அவற்றை உருவாக்கிய ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் அங்கே ஆட்டிசப் பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள். ஒரு பொருளின் பெயரைச் சொல்வதும் அதைக் கேட்பதும் வெவ்வேறு செயல்கள் என்று பி.எஃப். ஸ்கின்னர் 1957-இல் எழுதியிருந்தார். பாண்டியும் ஃப்ராஸ்டும் கேட்பதிலிருந்து தொடங்கினார்கள். படத்தைக் கொடு, பொருளை வாங்கிக்கொள். அட்டையின் முதுகில் வெல்க்ரோ. நம் துணியில் நாயுருவி ஒட்டுவதுபோல நாய் ரோமத்தில் ஒட்டிய காய்களைப் பார்த்து ஒரு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்டுபிடித்தது அது.

இந்தப் பூர்வீகத்தில் இருட்டும் உண்டு. நடத்தைப் பகுப்பாய்வை ஆட்டிசப் பிள்ளைகளிடம் பயன்படுத்திய ஐவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. வாரம் 40 மணி நேரப் பயிற்சி, 19 குழந்தைகள், அவர்களில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப்போல் பள்ளியில் தேறினார்கள் என்றார். ஆனால் அவருடைய முறையில் அதட்டலும் அடியும் இருந்தன, 1960-களில் மின்அதிர்ச்சிகூட இருந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் அந்த வகைப் பயிற்சிகளின் வலியை இன்று சொல்லும்போது நாம் வாய்மூடிக் கேட்க வேண்டும். கையை உதறுவதும் ஆடிக்கொண்டிருப்பதும் அவர்களுக்கு ஆறுதல், அதை நிறுத்த நமக்கு உரிமை இல்லை என்பதே என் எண்ணம்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ஒரு பயிற்சி மையம் கொடுத்த ஆப்பிள் அட்டை. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆப்பிள் அவனுக்கு யார்? எங்கள் பக்கம் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுவது மட்டிப்பழம். விரல் தண்டியில், மெல்லிய தோலோடு, வாயில் வைத்தால் கரைகிற பழம். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் அட்டை அதற்கு முன்பே தயாராகிவிட்டது. படமெடுத்து, பிரிண்ட் போட்டு, கடையில் லேமினேட் செய்துகொண்டு வந்தோம்.

பயிற்சி இப்படி நடக்கும்: எதிரே அக்கா பழத்தோடு. பின்னால் அத்தான். பையன் பழத்துக்குக் கை நீட்டும்போது அத்தான் பேசாமல் அந்தக் கையைப் பிடித்து, அட்டையை எடுக்கவைத்து, அக்காவின் உள்ளங்கையில் விடவைப்பார். அடுத்த நொடி "மட்டிப்பழம்!" என்ற சொல்லோடு பழம் அவன் கையில் இருக்கும். அத்தானின் பிடி முதலில் விரலில், பிறகு மணிக்கட்டில், பிறகு முழங்கையில், கடைசியில் எங்குமில்லை. "என்ன மக்கா வேணும்?" என்று கேட்கக் கூடாது என்பதுதான் அக்காவுக்குப் பெரும்பாடாக இருந்தது. கேட்டுப் பழக்கினால் கேள்வி வரும்வரை பிள்ளை காத்துக்கொண்டே இருப்பான்.

"படத்தைக் காட்டிப் பழக்கினா பிள்ளை பேசாமலே போயிருவானே" என்று அம்மா பயந்தாள். படம் பேச்சைத் தடுப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' செயலி இதுபோன்ற படங்களைத் தொட்டால் பேசும் குரலாக மாற்றியது. எங்களுக்கு அட்டையே போதுமானதாக இருந்தது.

அடுத்த கட்டமாக, படங்களை வரிசையாக ஒட்டி வாக்கியமாக நீட்டும் வாக்கியப் பட்டை வந்தபோது ஒரு சிக்கல். ஆங்கிலப் பட்டையில் 'எனக்கு வேண்டும்' என்பது முன்னால் நிற்கும், படம் பின்னால் வரும். அப்படியே போட்டால் நம் வீட்டில் யாரும் பேசாத தமிழ். அக்கா மாற்றிப் போட்டாள். முதலில் மட்டிப்பழம், அப்புறம் 'வேணும்'.

இதைவிட முக்கியம் 'போதும்' அட்டை. கல்யாண வீட்டு இரைச்சலில் அவன் அதை நீட்டினால், பந்தி முடியாவிட்டாலும் யாராவது ஒருவர் அவனை வெளியே கூட்டிப்போவோம். மறுக்கிற அட்டைக்கு மரியாதை இல்லாத வீட்டில் கேட்கிற அட்டை வெறும் வேலை வாங்கும் தந்திரம்.

போன மாதம் சந்தைப் பக்கம் ஒரு பழக்கடை. அக்காவின் கையை விட்டுவிட்டுப் போய், கடைக்காரரிடம் அட்டையை நீட்டினான். அவர் பாதி எழுந்து, அட்டையைப் பார்த்தார், இவன் முகத்தைப் பார்த்தார், மேலே தொங்கிய குலையைப் பார்த்தார். ஒரு சீப்பு அறுத்துக் கொடுத்தார். பிறகு அட்டையைத் தன் வேட்டியில் துடைத்து, அவன் கையிலேயே திருப்பி வைத்தார்.