அல்ஹாமா: வெந்நீர் ஊற்றின் ஊர்



ஸ்பெயின் என்றதும் நம் வீடுகளில் உடனே நினைவுக்கு வருபவை மூன்று: குர்துபா பள்ளிவாசல், அல்ஹம்ரா அரண்மனை, 1492இல் கிரானடாவின் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போன கடைசி சுல்தான். மதரஸா வகுப்பிலும் பயான்களிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய செய்திகள் இவை. ஆனால் கிரானடா வீழ்வதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு சின்ன மலையூரில் அந்தக் கதை தொடங்கிவிட்டது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த ஊர் அல்ஹாமா. ஐம்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் கூடி வந்திருக்கும் நமக்கு, அந்த ஊரின் வரலாறு நன்றாகவே புரியும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

பெயரிலேயே ஊற்று

அரபியில் 'அல்ஹம்மா' என்றால் வெந்நீர் ஊற்று. குளியல் கூடத்தைக் குறிக்கும் 'ஹம்மாம்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நம் பாட்டிமார் காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் ஹமாம் சோப்பின் பெயரும் அந்த வழியில் வந்ததே. ஸ்பெயினில் அல்ஹாமா என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. நான் சொல்வது 'அல்ஹாமா தெ கிரானடா'. ஸ்பானிய மொழியில் எழுத்தில் இருக்கும் 'ஹ' பேச்சில் ஒலிக்காது. அதனால் ஊர்க்காரர்கள் 'அலாமா' என்றே சொல்கிறார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல், ஆறு அறுத்துப் போட்ட ஆழமான பாறைப் பள்ளத்தின் விளிம்பில் ஊர் நிற்கிறது. மாலகா துறைமுகத்துக்கும் கிரானடாவுக்கும் இடையே மலை வழியாகப் போகும் பழைய பாதை இதுதான். சரக்கும் வரிப்பணமும் இந்த வழியே போய்வந்தன. மேலே கோட்டை, கீழே ஆறு, சற்றுத் தள்ளி வெந்நீர். அந்தக் காலத்து வியாபாரிக்கு இதைவிட நல்ல தங்குமிடம் கிடைத்திருக்காது.

1350 வாக்கில் இப்னு பதூதா இந்த வழியாக வந்தார். மதுரை சுல்தான்கள் ஆண்ட மாபர் நாட்டையும் சுமத்ராவின் சமுத்ரா துறைமுகத்தையும் பார்த்துவிட்டு மொராக்கோ திரும்பிய அவர், அதன் பிறகு அந்தலூஸ் பயணம் மேற்கொண்டார். அல்ஹாமா சிறிய ஊர், நல்ல இடத்தில் அழகாகக் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது, ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்று, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியல் அறைகள் என்று தம் பயண நூலில் குறித்து வைத்தார்.

இன்றும் இருக்கிறது

சைத்தூன் எண்ணெய் கொள்முதல் விஷயமாக மாலகா வரை போனபோது, ஒரு நாளை ஒதுக்கி அங்கே போய் வந்தேன். இப்னு பதூதா சொன்ன தூரத்தில், ஆற்றங்கரையிலேயே, ஊற்று இன்றும் ஓடுகிறது. தண்ணீரின் சூடு சுமார் 47 பாகை. நம் செம்பவாங் ஊற்றில் முட்டை அவிப்பதுபோல் இங்கே அவிக்க முடியாது. ஆனால் காலை வைத்தவுடன் இழுத்துக்கொள்ளத் தோன்றும்.

பழைய குளியல் கூடம் இப்போது ஒரு குளியல் விடுதிக் கட்டடத்துக்குள் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பார்க்க விடுகிறார்கள். குதிரை லாட வடிவ வளைவுகள், நடுவில் கூம்பி உயரும் கூரை, அதில் வெளிச்சம் இறங்கும் துளைகள், கீழே தேங்கி நிற்கும் வெந்நீர். சுமார் 800 ஆண்டுகளுக்கு முந்திய அரபுக் கட்டடம் இது. விடுதிக்கு வெளியே ஆற்றோரக் குட்டைகளில் வயதானவர்கள் மூட்டுவலிக்குக் காலை நனைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேலே ஊருக்குள் பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் இப்போது தேவாலயம் நிற்கிறது. அதைச் சுற்றிய தெருக்கள் மட்டும் பழைய அரபு ஊரின் குறுகலான தெருக்களாகவே இருக்கின்றன.

ஒரு இரவில் போன ஊர்

1481 டிசம்பரில் கிரானடா சுல்தான் அபுல் ஹசன் அலீ, எல்லையில் இருந்த ஸஹாரா என்ற கோட்டையைத் திடீரெனத் தாக்கிப் பிடித்தார். காஸ்டீல் நாடு பதிலடிக்குக் காத்திருந்தது. 1482 பிப்ரவரி 28ஆம் நாள் விடியுமுன், காதிஸ் பிரபு ரொத்ரிகோ போன்ஸே தெ லியோனின் ஆட்கள் ஏணி வைத்து அல்ஹாமா கோட்டைச் சுவரில் ஏறினார்கள். நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் ஊர், இவ்வளவு உள்ளே எதிரி வரமாட்டான் என்று காவல் தளர்ந்திருந்தது. கோட்டைத் தலைவரே ஊரில் இல்லை. ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஊர் மக்கள் தெருத் தெருவாக நின்று போராடினார்கள். கடைசிச் சண்டை பள்ளிவாசலில் நடந்தது.

இந்தத் துயரத்தைச் சொல்லும் நாட்டுப் பாடல் ஒன்று ஸ்பானிய மொழியிலேயே பிறந்தது. ஆங்கிலக் கவிஞர் பைரன் அதை மொழிபெயர்த்திருக்கிறார். வென்றவர்களின் மொழியில் தோற்றவர்களின் அழுகை இன்றுவரை பாடப்படுகிறது.

சில நாட்களில் அபுல் ஹசன் பெரும்படையோடு வந்து ஊரை வளைத்தார். ஊருக்குத் தண்ணீர் கீழே ஆற்றிலிருந்துதான் வர வேண்டும். ஆற்றைத் திருப்பிவிடப் பார்த்தார். உள்ளே இருந்த காஸ்டீல் வீரர்கள் தாகத்தில் தவித்தார்கள். அவர்களை மீட்க யார் வந்தது தெரியுமா? மெதினா சிதோனியா பிரபு. அவருக்கும் காதிஸ் பிரபுவுக்கும் இடையே பல ஆண்டுப் பகை; ஆளுக்கு ஆள் படை வைத்து அடித்துக்கொண்டவர்கள். அந்த மார்ச் மாதம் பழையதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பகைவனை மீட்கப் படையோடு வந்தார். அபுல் ஹசன் பின்வாங்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு ஜூலையில் கிரானடாவில் என்ன நடந்தது? அபுல் ஹசனின் மகன் அபூ அப்துல்லாஹ் தந்தைக்கு எதிராக எழுந்தார். இவரைத்தான் ஸ்பானியர் போஅப்தில் என்பார்கள். இரண்டு மனைவியர், அவர்களின் பிள்ளைகள், அரண்மனைக் குடும்பங்களின் கட்சிகள் என்று வீட்டுக்குள் புகைந்த சண்டை நாட்டுச் சண்டையாக மாறியது. மறு ஆண்டு லூஸேனாவில் சிறைப்பட்ட அபூ அப்துல்லாஹ், காஸ்டீலுக்குக் கப்பம் கட்டுவதாக ஒப்புக்கொண்டு விடுதலை பெற்றார். தந்தை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், பிறகு சிற்றப்பா ஒரு பக்கம். 1485இல் ரோந்தா போனது, 1487இல் மாலகா போனது, 1489இல் பாஸா போனது. அல்ஹாமா பறிபோனது ஒரு இரவின் கவனக்குறைவால். அது திரும்பி வராததற்கு இந்த வீட்டுச் சண்டைதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு காகிதங்கள்

வியாபாரி என்ற முறையில் என்னை யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. பிடித்த அல்ஹாமாவைக் காக்க நியமிக்கப்பட்ட தெந்தில்யா பிரபுவிடம் ஒரு கட்டத்தில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு தீர்ந்துவிட்டது. துண்டுக் காகிதங்களில் தொகையை எழுதி, தம் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். ஊரில் எல்லோரும் அதைக் காசாகவே ஏற்க வேண்டும், பிறகு நான் பணமாகத் தருகிறேன் என்று அறிவித்தார். சொன்னபடியே பிறகு பணத்தைக் கொடுத்துச் சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஐரோப்பாவில் காகிதப் பணத்தின் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறார்கள். சிராங்கூன் சாலையில் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கடன் கொடுத்து வாங்கிய நம் பெரியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சீட்டுக்கு மதிப்புத் தருவது கையெழுத்துப் போட்டவரின் சொல்.

இன்னொரு காகிதம் 1491 நவம்பர் 25இல் கையெழுத்தானது. கிரானடாவை ஒப்படைக்கும் உடன்படிக்கை அது. முஸ்லிம்கள் தங்கள் மார்க்கத்தையும் பள்ளிவாசல்களையும் சொத்துகளையும் வைத்துக்கொள்ளலாம், தங்கள் சட்டப்படி வாழலாம் என்று வாக்குறுதி தந்தது. பத்து ஆண்டுகூட அது நிற்கவில்லை. 1499இல் கட்டாய மதமாற்றம் தொடங்கியது. 1502இல் காஸ்டீல் முழுவதும் மதம் மாற வேண்டும், அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற ஆணை வந்தது. 1567 ஆணை அரபு மொழி, உடை, குளியல் கூடங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. 1609 முதல் 1614 வரை எஞ்சியவர்களின் வழித்தோன்றல்களையும் கப்பலேற்றினார்கள்.

ஒரே அரசின் பேரால் எழுதிய இரண்டு காகிதங்கள். ஒன்றை வைத்திருந்த வீரர்களுக்குப் பின்னால் ஒரு படையும் ஒற்றுமையும் இருந்தன. அவர்களுக்குப் பணம் வந்தது. மற்றதை வைத்திருந்தவர்கள் அதற்குள் தங்களுக்குள்ளேயே பிரிந்து பலமிழந்திருந்தார்கள். கேட்க ஆள் இல்லை.

நமக்கு

1884 டிசம்பர் 25இல் பெரிய நிலநடுக்கம் வந்து அல்ஹாமாவின் பெரும்பகுதியை இடித்தது. அப்போதும் ஊற்று வற்றவில்லை. எத்தனையோ பேர் ஆண்டு போய்விட்டார்கள். அரபிப் பெயர் மட்டும் அப்படியே ஊர்ப் பலகையில் நிற்கிறது.

நம் சங்கத்திலும் கருத்து வேறுபாடு வராமல் ஐம்பது ஆண்டுகள் ஓடியிருக்காது. ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் காரசாரமாகப் பேசிவிட்டு வெளியே போன பெரியவர்கள், ரமளான் வந்ததும் ஒரே அண்டாவில் நோன்புக் கஞ்சி கிண்டியதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். மெதினா சிதோனியா பிரபு செய்ததும் அதுதான். அரண்மனையில் இருந்தவர்களால் செய்ய முடியாமல் போனதும் அதுதான்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அல்ஹம்ரா பார்க்கக் கூட்டிப்போகும் குடும்பங்கள் அரை நாள் ஒதுக்கி அல்ஹாமாவுக்கும் போய்வாருங்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் ஜமாஅத்தின் ஒற்றுமையைப் பாதுகாப்பானாக. ஆமீன்.