அணைத்து நிறுத்திய கார்கள் எரிந்த கதை

ஓடும் கார் தீப்பற்றுவது அரிதன்று. ஆனால் 1990களில் அமெரிக்காவில் சில ஃபோர்டு கார்கள், எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சென்ற பிறகு, நின்ற இடத்திலேயே எரிந்தன. அங்கே கார் நிறுத்தும் கொட்டகை பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியிருக்கும். எனவே வீடுகளும் எரிந்தன. பின்னாளில் உயிரிழப்புகள் தொடர்பான வழக்குகளும் தொடுக்கப்பட்டன. தீயின் மூலம் குரூஸ் கண்ட்ரோலின் மின்சுற்றில் இருந்தது. அந்த வசதியை ஒருநாளும் பயன்படுத்தாதவர் காரிலும் அது நிகழலாம் என்பதே இவ்வரலாற்றின் விசித்திரம்.

குரூஸ் கண்ட்ரோலை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் பார்வையிழந்த பொறியாளர். 1950இல் காப்புரிமை பெற்றார்; 1958இல் கிரைஸ்லர் நிறுவனம் அதைத் தன் கார்களில் பொருத்தியது. தொடக்கம் முதலே ஓர் அச்சம் இருந்தது: பிரேக்கை மிதித்தும் கருவி விடுபடாவிட்டால் என்ன செய்வது? அதற்கான மாற்று ஏற்பாடாகவே ஃபோர்டு ஒரு கூடுதல் ஸ்விட்சை வைத்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தமே மின்தொடர்பைத் துண்டித்துவிடும். நல்ல எண்ணத்தில் பிறந்த உறுப்பு.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த அந்தச் சிறு ஸ்விட்சின் ஒரு பக்கம் பிரேக் ஆயில், மறுபக்கம் மின்சாரம். இரண்டையும் பிரித்து நின்றது மெல்லிய பாலிமர் படலம். ஆண்டுக்கணக்கில் அழுத்தம் ஏறி இறங்க அப்படலம் விரிசல் கண்டது. கசிந்த ஆயில் காலப்போக்கில் ஈரத்தையும் மாசையும் ஏற்று மின்னைக் கடத்தத் தொடங்கியது, உள்ளிருந்த உலோகம் அரித்தது, பிளாஸ்டிக் சூடேறியது. பேட்டரியிலிருந்து அந்த ஸ்விட்சுக்கு எந்நேரமும் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. ஃபியூஸும் இருந்தது, ஆனால் பெரிய மின்னோட்டத்துக்கென அளவிடப்பட்ட ஃபியூஸ் இச்சிறு கசிவைப் பொருட்படுத்தவில்லை.

மொழியியல் படித்தவனுக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. 'வண்டியை ஆஃப் செய்துவிட்டேன்' என்கிறோம். எஞ்சின் நின்றது என்பதே அதன் பொருள். மின்சாரம் நின்றது என்பதாகவும் கேட்பவர் மனத்தில் அது பதிகிறது. தமிழில் எஞ்சினுக்கும் தீக்கும் 'அணைத்தல்' என்ற ஒரே வினை!

பழுதைக் கண்டறிவது எளிதாக இருக்கவில்லை. சாட்சியாக இருக்க வேண்டிய உறுப்பு முதலில் எரிந்து போனது. கசிவு தொடங்கிய பின்னும் சில காலம் கருவி ஒழுங்காகவே இயங்கக்கூடும். குரூஸ் கண்ட்ரோல் திடீரென வேலை செய்யாமல் போவதே ஓர் எச்சரிக்கை. அதை அவசரமாகக் கருதி மெக்கானிக்கிடம் ஓடுபவர் எத்தனை பேர்? பார்க்கத் தெரிந்தவருக்குச் சோதனை எளிது: ஸ்விட்சின் இணைப்பானைக் கழற்றினால் உள்ளே ஆயில் பிசுக்கு தெரியும்.

நோயறிதலைக் காட்டிலும் அதன் எல்லையை வகுத்ததே என்னை வியக்க வைக்கிறது. 1999 மே மாதத்தில் 1992, 1993ஆம் ஆண்டு மாடல்களில் ஏறத்தாழ 2.8 லட்சம் கார்கள் மட்டும் திரும்ப அழைக்கப்பட்டன. 2005 ஜனவரியில் சுமார் 8 லட்சம் வண்டிகள். அதே ஆண்டு செப்டம்பரில் 38 லட்சம். பிறகும் அழைப்புகள் வந்தன. 2009 அக்டோபரில் இன்னும் 45 லட்சம் சேர, மொத்தம் 1.4 கோடியைத் தாண்டியது. ஸ்விட்ச் நின்ற கோணம், பிரேக்கை விடும்போது சில மாடல்களில் உண்டாகும் வெற்றிட இழுவை ஆகியவை கசிவின் வேகத்தை மாற்றின என்பது உண்மையே. ஆயினும் ஒரே வகை ஸ்விட்ச், எப்போதும் உயிருள்ள ஒரே வகை மின்சுற்று. அதைக் காரின் பெயரையும் ஆண்டையும் வைத்துப் பகுத்ததால் பத்தாண்டுகள் கழிந்தன என்றே நான் கருதுகிறேன்.

இறுதியில் பெரும்பாலான வண்டிகளுக்குச் செய்த திருத்தம், ஸ்விட்சுக்கும் பழைய வயருக்கும் இடையே செருகிய ஒரு துண்டு வயர். அதில் குறைந்த ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருந்தது.