தோல் வழியே ஹார்மோன்

வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் கடுமையான தலைவலி வருவதுண்டு. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பியதும் நைட்ரோகிளிசரின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலில் புகுந்ததே காரணம். கோட்டை மதில் என்று நாம் நினைக்கும் தோலுக்கும் திட்டிவாசல் உண்டு! கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள் அதன் வழியே நுழைந்துவிடும்.

பெண்களின் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ராடயாலும் அப்படிப்பட்டதே. ஐம்பது வயதையொட்டி மாதவிடாய் நிற்கும்போது இச்சுரப்பு வெகுவாகக் குறைகிறது. திடீரென்று உடல் தகிப்பது, இரவில் வியர்த்துக் கொட்டி உறக்கம் கெடுவது போன்ற தொல்லைகள் பலருக்கு வருகின்றன. "வயதானால் அப்படித்தான்" என்பதே நெடுங்காலம் இதற்குச் சொல்லப்பட்ட வைத்தியம்.

1942இல் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, 'பிரெமரின்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966இல் டாக்டர் ராபர்ட் வில்சன் எழுதிய நூல், என்றும் குன்றாத பெண்மை என்று ஆசை காட்டியது, விற்பனை பெருகியது. 1975இல் வெளியான இரு ஆய்வுகளோ, ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்டவர்களிடம் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் மிகுதி என்று காட்டின. அதன்பின், கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துத் தரும் வழக்கம் பரவியது.

மாத்திரைக்கு வேறொரு குறையும் இருந்தது. விழுங்கிய மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அது ஒரு சுங்கச்சாவடி. ஈஸ்ட்ராடயாலில் பெரும்பகுதி அங்கேயே உருமாறிப் போவதால், 1 அல்லது 2 மில்லிகிராம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவு கல்லீரலைத் தூண்டி, குருதியை உறையச் செய்யும் சில புரதங்களை மிகுதியாக்குகிறது.

உருகுவே நாட்டில் பிறந்த அலெஹாந்திரோ சஃபரோனி ஹார்மோன் ஆராய்ச்சியில் ஊறியவர். சுரப்பிகள் ஹார்மோனை மொத்தமாகக் கொட்டுவதில்லை, சிறுகச் சிறுகவே தருகின்றன. மருந்தும் ஏன் அப்படி வரக்கூடாது என்று எண்ணினார். 1968இல் கலிபோர்னியாவில் 'ஆல்சா' நிறுவனத்தைத் தொடங்கினார். பயணத்தில் வாந்தி வராமலிருக்கக் காதின் பின்புறம் ஒட்டும் பிளாஸ்திரி 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1986இல் ஈஸ்ட்ராடயால் பிளாஸ்திரியான 'எஸ்ட்ராடெர்ம்' வந்தது. சாராயத்தில் கரைத்த ஹார்மோன் ஒரு சிறு பையில் இருக்கும். மெல்லிய சவ்வு அதை அளவாகக் கசியவிடும். நாளொன்றுக்கு 0.05 மில்லிகிராமே போதுமானதாயிற்று! வாரம் இருமுறை மாற்ற வேண்டும். ஒட்டிய இடத்தில் சிலருக்குத் தோல் சிவந்து அரித்தது. பசையிலேயே மருந்தைக் கலந்த மெல்லிய பிளாஸ்திரிகள் பின்னர் வந்தன.

2002இல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்று, பக்கவாதம், குருதிக்கட்டி ஆகியவை கூடியிருந்தன. சோதிக்கப்பட்டது கூட்டு மாத்திரைதான். ஆனால் அச்சம் எல்லா ஹார்மோன் மருந்துகளின் மீதும் படர்ந்தது. மறு ஆண்டே பிரான்சிலிருந்து வந்த ஆய்வில், மாத்திரை உட்கொண்டவர்களிடம் குருதிக்கட்டி மிகுந்திருந்தது. தோல் வழியே பெற்றவர்களிடம் மிகுந்திருக்கவில்லை. கருப்பைக்கு வரும் ஆபத்தைப் பிளாஸ்திரியும் நீக்குவதில்லை. கருப்பை உள்ளவர்கள் இதனுடனும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சேர்த்தே கொள்ள வேண்டியிருக்கிறது.